லிட்டில் கிளியோ 2/5 அவுன்ஸ்: வெட்டர் ஆற்றில் மூன்று குளிர்காலம்

லிட்டில் கிளியோ என்ற மீன்பிடி ஸ்பூனை இதே மாதிரியில், இதே எடையில் ஏழு வாங்கியிருக்கிறேன். நான்கைக் கனடாவின் வெட்டர் ஆறு எடுத்துக்கொண்டது. ஒன்று மகளிடம் இருக்கிறது. ஒன்று அட்டையிலிருந்து இன்னும் பிரிக்கப்படவில்லை. மிச்சமிருக்கும் ஒன்று இப்போது என் மேசை மேல் கிடக்கிறது. அதன் முதுகெங்கும் சிறு சுத்தியலால் தட்டியதுபோல் குழிகள். குழிகளுக்குள் நிக்கல் இன்னும் புதிதாகவே பளபளக்கிறது. மேடுகளில் பூச்சு தேய்ந்து பித்தளை மஞ்சளாகத் தெரிகிறது. மூன்று குளிர்காலமாக வெட்டர் ஆற்றுக் கூழாங்கற்களில் உரசியதன் அடையாளம் அது. ஸ்டீல்ஹெட் என்ற மீனைப் பிடிக்க எந்த ஸ்பூன் வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு இதை எடுத்துக் காட்டுவது என் வழக்கம். ஏன் இதைச் சொல்கிறேன் என்பதை விரிவாக எழுதிவிடுகிறேன்.

ஸ்பூன் என்பது கைப்பிடி இல்லாத கரண்டிதான். ஒரு முனையில் தூண்டில் நரம்பு கட்டுவோம், மறுமுனையில் தூண்டில் முள் தொங்கும். அமெரிக்காவின் வெர்மான்ட் பகுதியைச் சேர்ந்த ஜூலியோ பியூல் என்பவர் 1852இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஏரியில் தவறி விழுந்த கரண்டியை ஒரு மீன் பாய்ந்து கவ்வியதைப் பார்த்ததால் அவருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. லிட்டில் கிளியோ அதற்கு நூறாண்டுகள் பிந்தியது. அக்மே என்ற அமெரிக்க நிறுவனம் செய்கிறது. மற்ற ஸ்பூன்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது இதன் கூன். நடுவில் முதுகு நன்றாகப் புடைத்திருக்கும், தகடு கனமாக இருக்கும், நீளம் குறைவு. உள்ளங்கையில் வைத்தால் ஒரு பெரிய புளியங்கொட்டையை நீட்டிவிட்டதுபோல் இருக்கும்.

இனி மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டீல்ஹெட் தனி இனம் அல்ல. ரெயின்போ டிரவுட் இனத்தில் ஆற்றிலேயே தங்கிவிடாமல் கடலுக்குப் போய், இரண்டு மூன்று ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் மீனுக்குத்தான் அந்தப் பெயர். பசிபிக் சால்மன்களில் பெரும்பாலானவை முட்டையிட்டதும் இறந்துவிடும். ஸ்டீல்ஹெட்டில் சில பிழைத்து, மறுபடியும் கடலுக்குப் போய், இன்னொரு முறையும் வரும். அதே ரெயின்போ டிரவுட்டை ஆங்கிலேயர்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அவலாஞ்சியில் அதற்கென ஒரு பொரிப்பகமும் உண்டு. என் அப்பா குந்தா நீர்மின் திட்டத்தில் வேலை பார்த்தவர். கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா உதவியோடு கட்டப்பட்ட திட்டம் அது. மின்வாரியக் குடியிருப்பில் வளர்ந்த நான் முதன்முதலில் பார்த்த டிரவுட், அவலாஞ்சித் தொட்டியில் நீந்திய ஒரு சாண் மீன். அதே இனத்து மீனை, கைநீளத்துக்கு மேல் வளர்ந்து, கடலின் வெள்ளி உடம்போடு, சில்லிவாக் ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஆற்றில் பார்த்தபோது என் கைகள் நடுங்கின. அன்றைக்கு அதைப் பிடித்தவர் வேறொருவர். நான் வலையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆற்றுக்கு இரண்டு பெயர்கள். வெட்டர் கிராசிங் பாலத்துக்கு மேலே அது சில்லிவாக் ஆறு, கீழே வெட்டர் ஆறு. இன்னும் கீழே போனால் நேர்கோடாக வெட்டிய வெட்டர் கால்வாய். 1920களில் சுமாஸ் ஏரியை வடித்து விளைநிலமாக்கியபோது வெட்டியது அது. சர்ரேயில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம். ஸ்டீல்ஹெட் டிசம்பரில் வரத் தொடங்கும், ஏப்ரல் வரை வரும். நான் போவது பெரும்பாலும் பிப்ரவரியிலும் மார்ச்சிலும், அதுவும் வார நாட்களில். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் ஆண்டு நான் வாங்கியது இந்த ஸ்பூன் அல்ல. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் இருபது ஸ்பூன்கள் அடங்கிய பெட்டியை வாங்கினேன். ஒன்றின் விலை ஒரு டாலர்கூட ஆகவில்லை, நிறங்களோ கண்ணைப் பறித்தன. அந்தப் பெட்டியால் ஒரு குளிர்காலம் முழுவதும் வீணானது. தகடு அத்தனை மெல்லிது. மெதுவாக இழுத்தால் செத்த இலைபோல ஒருக்களித்து வரும். வேகமாக இழுத்தால் பம்பரமாகச் சுழலும். சுழன்று சுழன்று நரம்பை முறுக்கிவிடும், அடுத்த வீச்சில் அது சுருள் சுருளாக ரீலிலிருந்து கொட்டும். வண்ணப்பூச்சு நாலாவது நாளே உரிந்தது. எல்லாவற்றையும்விட வலித்தது ஜனவரி கடைசியில் நடந்தது. ஒரு மீன் கவ்வியது, இரண்டு முறை தலையை உதறியது, போய்விட்டது. சுற்றி எடுத்துப் பார்த்தால் முள் ஆணிபோல நேராக நிமிர்ந்திருந்தது.

அன்று எனக்குச் சற்றுக் கீழே நின்றிருந்தவர் நடந்து வந்து முள்ளை வாங்கிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினார். யாழ்ப்பாணம் பாசையூர்க்காரர். அறுபதைத் தாண்டியவர், கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர். இந்த ஆற்றில் எனக்கு முன்பே பல குளிர்காலங்களைப் பார்த்தவர். நான் நரம்பு என்பதை அவர் தங்கூசி என்பார். தன் பெட்டியிலிருந்து ஒரு லிட்டில் கிளியோவை எடுத்து என் நரம்பில் கட்டி, கரையோரத்தில் முழங்கால் அளவு ஓட்டத்தில் பிடிக்கச் சொன்னார்.

"விரலைத் தங்கூசியில் வையுங்கள் தங்கச்சி. அடிக்கிறதா?"

"அடிக்கிறது அண்ணா."

"இப்போது உங்களுடையதைக் கட்டுங்கள்."

கட்டினேன். விரலில் எதுவும் தெரியவில்லை.

"அப்படியானால் அது வெறும் தகரம். கழற்றி வையுங்கள்."

இந்தச் சோதனைதான் நான் இன்றுவரை எந்த ஸ்பூனுக்கும் வைக்கும் சோதனை. தூண்டில் கோலின் நுனியிலிருந்து இரண்டு மீட்டர் நரம்பை விட்டு, மனிதர் நிதானமாக நடக்கும் வேகத்தில் ஓடும் நீரில் ஸ்பூனைத் தொங்கவிடுங்கள். ரீலைச் சுற்ற வேண்டாம். சுட்டுவிரலை நரம்பில் மெல்லப் படியவையுங்கள். நல்ல ஸ்பூன் இடமும் வலமுமாகப் புரண்டு, ஒவ்வொரு புரட்டுக்கும் ஓர் அடியை விரலில் தரும். தூங்கும் குழந்தையின் முதுகில் தட்டிக்கொடுப்பதுபோன்ற தாளம். ஓட்டம் இன்னும் தணிந்த இடத்துக்கு நகருங்கள். தாளம் மெதுவாகும், ஆனால் நிற்கக் கூடாது. எந்த வேகத்தில் அந்த அடி நின்றுபோகிறதோ அதுதான் அந்த ஸ்பூனின் எல்லை. லிட்டில் கிளியோவின் எல்லை மிகவும் கீழே இருக்கிறது. நான் பயன்படுத்திய ஸ்பூன்களில் இதைவிட மெதுவான நீரில், இதே எடையோடு, அடித்துக்கொண்டே இருப்பதை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்தக் கூன் முதுகில் தண்ணீர் ஏறி இருபுறமும் வழிவதால்தான் அது புரள்கிறது.

மெதுவாக அடிப்பது இங்கே ஏன் முக்கியம் என்றால், பிப்ரவரியில் இந்த ஆறு மிகவும் குளிர்ந்திருக்கும். மீன் குளிர்ரத்தப் பிராணி. அந்தக் குளிரில் அது துரத்திக்கொண்டு ஓடாது. ஆற்றேறும் காலத்தில் அதிகம் தின்னவும் செய்யாது. தன் மூக்குக்கு முன்னால் ஏதோ ஒன்று தள்ளாடிக்கொண்டு நீண்ட நேரம் குறுக்கே போனால்தான் எரிச்சலிலோ பழைய பழக்கத்திலோ வாயைத் திறக்கும். ஆகவே ஸ்பூனைச் சுற்றி இழுக்கும் வேலையே கிடையாது. ஆற்றின் குறுக்கே, சற்றுக் கீழ்நோக்கி வீசுவேன். இரண்டு மூன்று எண்ணும்வரை மூழ்கவிடுவேன். ஓட்டம் நரம்பின் நடுப்பகுதியைப் பிடித்து வில்லாக வளைக்கும். அந்த வளைவைக் கோலால் எடுத்து ஆற்றின் மேல்புறமாகப் போடுவேன். இல்லையென்றால் ஸ்பூன் மேலே கிளம்பி ஓடிவிடும். அதன்பிறகு ஆறு இழுக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். ஸ்பூன் அரைவட்டமாக என் கரையை நோக்கி வரும். வரும் வழியில் எப்போதாவது ஒரு கல்லைத் தொட்டால் ஆழம் சரி. ஒவ்வொரு முறையும் கல்லைத் தொட்டால் தாழ்வாகப் போகிறது, கோலை ஒரு சாண் உயர்த்த வேண்டும். கடைசியில் நேர் கீழே வந்து நின்றதும் உடனே சுற்றிவிடக் கூடாது. பத்து எண்ணுங்கள். பின்னாலேயே வந்த மீன் அங்கேதான் முடிவெடுக்கிறது.

பெட்டியிலிருந்து எடுத்ததும் அப்படியே வீச முடியாது. இதில் வருவது மூன்று நுனி கொண்ட கொக்கி. வெட்டர் ஓடும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் ஆறுகளில் ஒற்றை நுனி முள்தான் சட்டம், அதிலும் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூர் இருக்கக் கூடாது. நான் வாங்கிய அன்றே கடைக்காரர் இதைச் சொல்லி, குறடை என் முன்னால் நகர்த்தி வைத்தார். அந்தக் கடைக்கு நான் திரும்பத் திரும்பப் போவதற்கு அதுவே காரணம். வளையத்தைப் பிரித்து முக்கொக்கியைக் கழற்றுங்கள். அந்த வளையத்தில் ஒரு சிறு சுழல் வளையத்தையும், அதில் 1/0 அளவில் நீளக் காம்புள்ள ஒற்றை முள்ளையும் மாட்டுங்கள். பின்கூரைக் குறடால் நசுக்கிவிடுங்கள். நசுக்கியது சரியா என்று பார்க்க முள்ளை ஒரு பஞ்சுத் துணியில் குத்தி இழுங்கள். இழை பிடிக்காமல் வந்தால் சரி.

சுழல் வளையம் எதற்கு என்று பலர் கேட்பார்கள். மீன் மாட்டியபின் உடம்பை முறுக்கிக்கொண்டு உருளும். ஸ்பூனின் கனத்தையே நெம்புகோலாக்கி முள்ளைப் பிடுங்கி எறியும். நடுவில் சுழலும் ஒன்று இருந்தால் அந்த நெம்பு முள்வரை போகாது. அதைப் போடாத முதல் மாதத்தில் கவ்விய மூன்று மீன்களில் மூன்றையும் இழந்தேன். போட்டபின் இழப்பது பாதிக்கும் கீழே வந்துவிட்டது. முள் மாற்றும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முள் கனத்துவிட்டால் ஸ்பூனின் வால் தொங்கும், அடி மந்தமாகும். மாற்றியபின் அதே விரல் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

எடையைப் பொறுத்தவரை 2/5 அவுன்ஸ், அதாவது 11 கிராமுக்குச் சற்று மேல், வெட்டருக்கு மிகப் பொருத்தம். இடுப்பளவு முதல் ஆளுயரம் வரை ஆழமுள்ள ஓட்டங்களுக்கு இது போதும். மழைக்குப்பின் ஆறு ஏறியிருந்தால் 2/3 அவுன்ஸ் வேண்டும். என்னிடம் அதுவும் இருக்கிறது, ஆண்டுக்கு ஐந்தாறு நாள் வெளியே வரும். நிறத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆறு பச்சை கலந்து இரண்டு மூன்று அடி ஆழம் வரை தெரிந்தால் இந்த வெள்ளி. கண்ணாடிபோல் தெளிந்திருந்தால் பித்தளை நிறம், அதுவும் மங்கியது. கடையில் தொங்கும் மற்ற வண்ணங்களை வாங்கும் பணத்துக்கு நல்ல முள் வாங்கலாம்.

இது எல்லா இடத்துக்கும் ஏற்றதல்ல. கனமான சிறு ஸ்பூன் வேகமாக மூழ்கும். முழங்காலுக்கும் குறைவான நீரில், மரக்கட்டைகள் கிடக்கும் ஓரங்களில் இதை வீசினால் இழப்பது உறுதி. நான் இழந்த நான்கில் மூன்று அப்படிப் போனவை. 2021 நவம்பர் வெள்ளத்துக்குப்பின் இந்த ஆற்றில் கட்டைகள் எங்கே கிடக்கும் என்று பழைய நினைவை வைத்துச் சொல்ல முடியாது. அத்தகைய இடங்களுக்கு நீளமான மெல்லிய தகட்டு ஸ்பூன் நல்லது, அது மெதுவாக இறங்கும்.

வார நாள் என்றேன் அல்லவா. வெட்டரில் பெரும்பாலோர் மிதவை போட்டுப் பிடிக்கிறவர்கள். அவர்கள் மிதவை ஓட்டத்தோடு நேராக இறங்கும், என் ஸ்பூன் குறுக்கே வரும். ஆறு பேர் வரிசையாக மிதவை விட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் நடுவில் நின்று ஸ்பூன் வீசுவது தவறு, எல்லாருடைய நரம்பும் பின்னிக்கொள்ளும். அதனால் சனி, ஞாயிறுகளில் நான் பெயர்பெற்ற மடுக்களை விட்டுவிட்டு, மடு முடிந்து ஆறு மெலிந்து அகலும் வால் பகுதிகளுக்கு நடந்துவிடுவேன். ஓட்டம் அங்கே சீராக இருக்கும். வேகமான நீரை ஏறிவந்த மீன் மூச்சு வாங்க அங்கே நிற்கும். ஸ்பூனுக்கென்றே அமைந்த நீர் அது.

கடந்த பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. கோலின் வளையங்களில் ஈரம் உறைந்துவிட, பத்து வீச்சுக்கு ஒரு முறை வாயால் ஊதி உருக்கிக்கொண்டிருந்தேன். மகள் மேல்கரையில் தேநீர்க் குடுவையோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் இடையே ஓர் அடி கீழே நகர்வது என் முறை. ஒரு பெரிய பாறைக்குக் கீழே ஸ்பூன் வந்தது. விரலில் அடி, அடி, அடி. பிறகு அடி இல்லை. இழுப்பு ஒன்றும் கிடையாது, தாளம் மட்டும் நின்றது. கோலை உயர்த்தினேன். ஆற்றின் நடுவில் கல்லென்று நினைத்த ஒன்று நகர்ந்தது, அடுத்த கணம் மீன் முழுவதுமாக நீருக்கு மேலே நின்றது.

பத்து நிமிடம் இருக்கும். மகள் வலையோடு இறங்கி வந்தாள். முழங்கால் நீரில், வலைக்குள்ளேயே வைத்துப் பார்த்தோம். முதுகு ஆற்றுக்கல்லின் சாம்பல் பச்சை. பக்கவாட்டில் வெள்ளி. செவுள் மூடியில் மட்டும் இளஞ்சிவப்பு படரத் தொடங்கியிருந்தது, கடலை விட்டு வந்து அதிக நாள் ஆகவில்லை. வாலுக்கு முன்னால் முதுகில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சிறு துடுப்பு, கொழுப்புத் துடுப்பு. பொரிப்பக மீன்களுக்கு அதைக் குஞ்சிலேயே வெட்டிவிடுவார்கள். இதற்கு முழுமையாக இருந்தது. காட்டு மீன். விட்டேயாக வேண்டும், விடவே விரும்பினேன்.

ஸ்பூன் தாடையின் ஓரத்தில் வெளியே தொங்கியது. குறடால் முள்ளின் வளைவைப் பிடித்துப் பின்னோக்கி ஒரு தள்ளு, வந்துவிட்டது. பின்கூர் இல்லாத ஒற்றை முள் அதற்குத்தான். முக்கொக்கி என்றால் ஒன்று தாடையில், இன்னொன்று கண்ணருகே, மூன்றாவது வலையில். வால் தண்டைப் பிடித்து, தலையை ஓட்டத்தை எதிர்நோக்கி வைத்திருந்தேன். நான்கைந்து முறை செவுள் திறந்து மூடியது. பிறகு என் கையை உதறிவிட்டுப் போனது.

படம் எடுக்கவில்லையா என்று பிறகு பலர் கேட்டார்கள். தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். எல்லைக்குத் தெற்கே வாஷிங்டன் மாநிலத்து ஆறுகளில், விட வேண்டிய ஸ்டீல்ஹெட்டை நீரிலிருந்து முழுவதுமாக வெளியே எடுப்பதே சட்டத்துக்குப் புறம்பு. இங்கேயும் அப்படியே நடந்துகொள்வதில் நமக்கு ஒன்றும் குறையாது. வெட்டரின் நீர் போய்ச் சேரும் பிரேசர் ஆற்றில் ஏறி மேலே போகும் தாம்சன், சில்கோட்டின் ஆறுகளின் ஸ்டீல்ஹெட்டுகளை 2018இல் கனடாவின் அருகிவரும் உயிரினங்களுக்கான குழு அழியும் நிலையில் இருப்பவை என்று மதிப்பிட்டது. உலகெங்கிலுமிருந்து ஆட்கள் தேடி வந்த தாம்சன் மீன் அது. வெட்டரின் நிலை அவ்வளவு மோசமில்லை. ஆனால் ஓர் ஆற்றுக்கு நேர்ந்தது பக்கத்து ஆற்றுக்கும் நேரலாம் என்ற பயம் எனக்கு உண்டு.

விலை சொல்ல மறந்துவிட்டேன். கடைசியாக வாங்கியபோது ஒன்றுக்கு வரியோடு எட்டு டாலருக்குள் ஆனது. முள், சுழல் வளையம் இரண்டுக்கும் இன்னொரு இரண்டு டாலர் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாங்குங்கள், ஒன்று போதாது. இருபது வேண்டாம். உரிமத்தோடு ஸ்டீல்ஹெட்டுக்கென்று தனியாகச் செலுத்தும் பாதுகாப்புக் கட்டணத்தையும் மறக்க வேண்டாம். அது இல்லாமல் இந்த மீனை நோக்கி வீசவே கூடாது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் துடைத்து, பெட்டியை ஒரு இரவு திறந்து வையுங்கள். முதலில் துருப்பிடிப்பது ஸ்பூன் அல்ல, வளையம். முள்நுனியை நகத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் அரம் போடுங்கள், கோடு கிழித்தால் விட்டுவிடுங்கள். நான் ஒவ்வொரு முறை கல் தட்டியபின்னும் பார்ப்பேன்.

பாசையூர் அண்ணன் இந்தக் குளிர்காலம் முழங்கால் வலியால் ஆற்றில் இறங்கவில்லை. போன வாரம் மகள் தன் ஸ்பூனோடு அவரைப் பார்க்கப் போயிருந்தாள். முள்ளை வாங்கி நகத்தில் இழுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே போய் அரத்தை எடுத்துவந்தாராம்.